யோசேப்பை மந்திரியாக்க அவசரப்படாதீர்கள்

கேள்வி: ராமேஸ்வரம் தீவில் ஒரு கடற்கரைக் கத்தோலிக்கப் பங்கில் மறைக்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். 14 முதல் 17 வயது வரை இருபது பிள்ளைகள், பாதிக்கு மேல் பையன்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் ஐந்து நாள் முகாம் வைத்து, பழைய ஏற்பாட்டில் அண்ணன்மாரால் விற்கப்பட்டு எகிப்தில் மந்திரியான யோசேப்பின் வாழ்க்கையிலிருந்து நற்குணங்களைச் சொல்லிக்கொடுக்கும்படி ஃபாதர் கேட்டிருக்கிறார். போன வருடம் ஞாயிறு வகுப்பில் இதே கதையைச் சொன்னேன், எடுபடவில்லை. “அவருக்கு லக்கு டீச்சர், மந்திரி ஆயிட்டாரு. எங்க அண்ணன் ஒழுங்காத்தான் இருந்தான், என்ன கெடைச்சுச்சு?” என்று ஒருவன் கேட்டான். “வித்துப்போட்ட அண்ணன்மாருக்கு ஒண்ணுமே ஆகலையே” என்றான் இன்னொருவன். இரண்டுக்கும் எனக்குப் பதில் வரவில்லை. எப்படி நடத்தினால் சரியாக இருக்கும்? முகாம் முடிவில் நல்ல பிள்ளை என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பரிசு கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

அந்த இரண்டு பையன்களும் கதையைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். தூங்கிய பிள்ளைக்கு இந்தக் கேள்வி வராது. கோளாறு கதையைச் சொல்லும் முறையில் இருக்கிறது. முப்பது நிமிடத்தில் குழியிலிருந்து அரண்மனை வரை ஓட்டிவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் “ஆகவே பிள்ளைகளே, ஒழுக்கமாக இருந்தால் கடவுள் உயர்த்துவார்” என்று முடித்தால், கேட்பவர் காதில் அது ஒரு கணக்காகத்தான் விழும்: ஒழுக்கம் போட்டால் பதவி வரும். கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு பொய் என்று பத்து வயதிலேயே தெரியும். ஓரியூருக்குப் போய்வராத குடும்பம் உங்கள் பங்கில் இருக்காது. 1693-இல் அங்கே மறைசாட்சி அருளானந்தருக்குத் தலைதான் போனது, மந்திரி பதவி வரவில்லை.

விவிலியமும் அந்தக் கணக்கைப் போடவில்லை. தொடக்கநூல் 39-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ‘ஆண்டவர் யோசேப்புடன் இருந்தார்’ என்ற செய்தி, அவரை அடிமையாக வாங்கிய போத்திபாரின் வீட்டில் அவர் நன்றாக இருக்கும்போது வருகிறது (39:2). அதே செய்தி அவர் சிறைக்குள் கிடக்கும்போதும் வருகிறது (39:21). இரண்டு இடத்தையும் பிள்ளைகளே கண்டுபிடித்து அடிக்கோடு போடட்டும். முதல் பையனுக்கான பதிலில் பாதி அங்கேயே இருக்கிறது.

நான் சொல்லும் முறை இதுதான்: கதையை முடிவு வரை கொண்டுபோகாதீர்கள். ஒவ்வொரு நாளும் யோசேப்போ அண்ணன்மாரோ முடிவெடுக்க வேண்டிய இடம் வந்ததும் புத்தகத்தை மூடுங்கள். “இந்த நிமிடத்தில் வாயைத் திறந்து என்ன சொல்வாய், கால் எந்தப் பக்கம் போகும்?” என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு வசனத்தைத் திறக்கலாம். முடிவு அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்தான். ஆனாலும் அன்றைக்கு வாசித்த வரிக்கு மேல் யாரும் பேசக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், நீங்கள் உட்பட. பெரும்பாலும் ஆசிரியர்தான் முதலில் இதை மீறுவார்.

நேரத்தை மாலை 5 மணியிலிருந்து 6.15 வரை வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகு வீட்டுப் பையன்கள் அந்த நாளிலும் விடியும் முன்னே கடலுக்குப் போய் வருவார்கள், காலை வகுப்பில் வைத்தால் சொக்கி விழுவார்கள். விசைப்படகு வீட்டுப் பையன்களுக்கு அந்த மாதங்களில் பகலெல்லாம் படகுக்குப் பெயின்ட் அடிக்கவும் வலை முடியவும் வேலை இருக்கும். வாசிப்புக்கு 15 நிமிடம், பேச்சுக்கு 35, தனியாக எழுத 10, மீதி வேலைக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளுக்கு 8 மில்லிமீட்டர் கயிறு 6 மீட்டர் வேண்டும். யோசேப்பு விற்கப்பட்ட கதை தொடங்கும்போது அவருக்கு வயது 17 (37:2). எகிப்து மன்னன் பார்வோன் முன் நின்றபோது 30 (41:46). அதன்பின் செழிப்பான 7 ஆண்டும் பஞ்சத்தில் 2 ஆண்டும் போன பிறகுதான் அண்ணன்மாரிடம் தன்னை யாரென்று சொல்கிறார் (45:6), அப்போது 39. ஆக 22 ஆண்டு, 22 முடிச்சு. பிள்ளைகளே போடட்டும், முடிச்சில் உங்களைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள். முடிச்சுக்கு முடிச்சு ஒரு சாண் விடச் சொன்னால் கயிறு பற்றாமல் போகும், நான்கு விரற்கிடை போதும். 11-ஆவது முடிச்சில் ஒரு சிவப்புத் துணியும் 13-ஆவதில் ஒரு வெள்ளைத் துணியும் கட்டிவைத்துவிட்டு, ஏன் என்று சொல்லாதீர்கள். கயிறு ஐந்து நாளும் சுவரில் தொங்கட்டும். 14 வயதுப் பிள்ளை கயிற்றோரம் நின்று எண்ணிப் பார்க்கும்போது, தான் பிறந்து இன்றுவரையான காலத்தைவிட அது நீளம் என்று தானே சொல்லும்.

அன்றைய வாசிப்பு 37-ஆம் அதிகாரம். யோசேப்பைப் பால்மணம் மாறாத பிள்ளையாகக் காட்டாதீர்கள். அண்ணன்மாரைப் பற்றி அப்பாவிடம் போட்டுக்கொடுக்கிறார், கண்ட கனவை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்கிறார். அப்பா ஒரு பிள்ளைக்கு மட்டும் தனி அங்கி கொடுக்கிறார். இதெல்லாம் எழுதியிருக்கிறது. பேச்சை ரூபனிடம் திருப்புங்கள். தம்பியைக் கொல்ல வேண்டாம், குழியில் போடுவோம் என்கிறார். பிறகு வந்து காப்பாற்றி அப்பாவிடம் சேர்த்துவிடலாம் என்பது அவர் எண்ணம் (37:22). அவர் திரும்பி வந்தபோது குழி காலி. ‘பிறகு பார்த்துக்கலாம்’ என்ற நல்ல எண்ணம் எதற்கும் உதவவில்லை. “நீ ரூபன். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள் (37:25). ஒரே ஒரு வாக்கியம் சொல்லலாம். என்ன சொல்வாய்?” என்று கேளுங்கள். “நல்லவனாக இருப்பேன்” என்ற பதிலை ஏற்காதீர்கள், வாக்கியம்தான் வேண்டும். கூட்டத்தோடு ஒருவனைக் கேலி செய்யும் இடத்தில் பையனுக்கு உதவப்போவது அந்த ஒரு வாக்கியம்தான். அதைச் சத்தம் போட்டுச் சொல்லிப் பழகியிருந்தால்தான் நேரத்துக்கு வாயில் வரும்.

ஒரு எச்சரிக்கை. குழியில் தள்ளும் காட்சியை நாடகமாக நடிக்க விடாதீர்கள். ஏற்கெனவே பகையுள்ள இரண்டு வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் நடிப்பு நடிப்பாக நிற்காது.

இரண்டாம் நாள், 39-ஆம் அதிகாரம். முகாமிலேயே கனமான நாள். இதை ‘கெட்ட பெண் ஒருத்தி, நல்ல பையன் ஒருவன்’ என்று சொல்வது வழக்கம். அப்படிச் சொன்னால் வகுப்பில் இருக்கும் பெண்பிள்ளைகள் தலை குனிவார்கள், பையன்கள் சிரிப்பார்கள், பாடம் அத்தோடு போயிற்று. யார் கையில் அதிகாரம் இருக்கிறது என்று கேட்டுத் தொடங்குங்கள். யோசேப்பை ஆசைக்கு இணங்கச் சொல்லும் போத்திபாரின் மனைவி எசமானி, அவர் விலைக்கு வாங்கப்பட்ட அடிமை. மேலே இருப்பவர் கீழே இருப்பவரை நெருக்குகிறார். இப்படி வைத்தால் டியூஷனிலோ, வேலைக்குப் போகும் இடத்திலோ, போனில் படம் கேட்கும் ஆளிடமோ மாட்டிக்கொண்ட பெண்பிள்ளையும் யோசேப்பின் பக்கத்தில் நிற்க முடியும்.

அவர் செய்ததை வரிசையாகப் பாருங்கள். முதலில் காரணம் சொல்லி மறுக்கிறார்: எசமான் என்னை நம்பி எல்லாவற்றையும் ஒப்படைத்திருக்கிறார், நீங்கள் அவர் மனைவி, இது கடவுளுக்கு எதிரான பாவம் (39:8-9). அதோடு முடியவில்லை, அவள் நாள்தோறும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அடுத்து, அவளருகில் இருப்பதையே தவிர்க்கிறார் (39:10). கடைசியில், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அவள் துணியைப் பிடித்தபோது துணியை விட்டுவிட்டு ஓடுகிறார் (39:12). பேச்சு, விலகல், ஓட்டம். ஓடியதைக் கோழைத்தனம் என்று சொல்லும் பையன் ஒருவன் இருப்பான். நின்று வாதாடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவனையே கேளுங்கள். மூன்றாம் கட்டத்துக்கு வந்த பிறகு பேசிப் பயனில்லை, முதல் கட்டத்திலேயே கால் எடுக்கவும் தேவையில்லை. எந்தக் கட்டத்தில் எது என்று தெரிவதுதான் அங்கே பயிற்சி.

பையன்களுக்கு இதைப் பழக்க உங்கள் கரையிலேயே ஒரு சரியான எடுத்துக்காட்டு உண்டு. கடல் அட்டை 2001-இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. எடுத்தாலும் வைத்திருந்தாலும் கடத்தினாலும் குற்றம், ஜாமீன் எளிதில் கிடைக்காது. இருந்தும், “ஒரே ராத்திரிதான், இந்தச் சாக்கை அந்தத் தோப்புக்குக் கொண்டுபோய்ப் போட்டா போதும், காலையில காசு” என்று வண்டி ஓட்டத் தெரிந்த 16 வயதுப் பையனைத்தான் தேடி வருவார்கள். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவையுங்கள். ஒருவன் கேட்பவன், மற்றவன் மறுப்பவன். மறுப்பில் யோசேப்பு சொன்னதுபோல ஒரு மனிதரின் பெயர் வர வேண்டும், யாருடைய நம்பிக்கை உடையும் என்பது வர வேண்டும். ‘தப்பு, செய்ய மாட்டேன்’ என்பது இரண்டாம் தடவை கேட்கும்போது கரைந்துவிடும். ‘அம்மா குழுவில் கடன் எடுத்து இந்த வண்டியை வாங்கிக் கொடுத்தாங்க, அதில் இது போகாது’ என்பது அவ்வளவு சீக்கிரம் கரையாது. கேட்பவன் மூன்று தடவையாவது திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். ஏனென்றால் கதையிலும் ஒருமுறையோடு விடவில்லை.

பிறகு 39:20-ஐ வாசியுங்கள். யோசேப்பு சிறையில். அன்றைய பாடம் அவ்வளவுதான். “இது அநியாயம்” என்று பிள்ளைகள் கத்துவார்கள். ஆமாம், அநியாயம்தான் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புங்கள். அந்தக் கோபத்தோடு ஒரு இரவு தூங்கி எழுவது அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. ‘நாளைக்கு நல்லது நடக்கும்’ என்று நீங்கள் வாய் விட்டுவிட்டால் போன வருடத்துக் கணக்குக்கே திரும்பிவிடுவீர்கள்.

அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் ஏதாவது ஒரு பிள்ளை உங்களிடம் தனியாக வந்து, தனக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வாய்ப்பு உண்டு. அதற்கு முன்கூட்டியே தயாராக இருங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். ஏன் அங்கே போனாய் என்று கேட்காதீர்கள், துருவித் துருவி விவரமும் கேட்காதீர்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. பங்குக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும், எவ்வளவு பெரியவராக இருந்தாலும், சட்டத்தில் அதற்கு இடமில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கரும்பலகை ஓரத்தில் முதல் நாளிலிருந்தே எழுதிவையுங்கள்.

இன்னொன்று. பாம்பனிலும் மண்டபத்திலும் உங்கள் பிள்ளைகளோடு ஒன்றாகப் படிக்கும் முஸ்லிம் பிள்ளைகளுக்கு இந்தக் கதை நன்றாகவே தெரியும். குர்ஆனின் 12-ஆம் அத்தியாயம் முழுவதும் யூசுஃப் நபியைப் பற்றியதுதான். சட்டை பின்பக்கம் கிழிந்திருந்ததால் அவர் குற்றமற்றவர் என்று தெரிந்துகொண்ட செய்தி அதில் உண்டு, விவிலியத்தில் இல்லை. பிள்ளைகள் அதைக் கேட்டு வந்து சொன்னால், தப்பு என்று அடித்துவிடாமல், அது அவர்கள் மறைநூலில் வருகிறது என்று சொன்னால் போதும்.

மூன்றாம் நாள் 40, 41 அதிகாரங்கள். கனவுகளின் பொருளில் மாட்டிக்கொள்ளாதீர்கள், பசுக்களை எண்ணிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். இரண்டு இடம் போதும். ஒன்று 40:6-7. தானே சிறையில் கிடக்கும் யோசேப்பு, காலையில் வந்து இரண்டு கைதிகளின் முகம் வாடியிருப்பதைக் கவனித்து, ஏன் என்று கேட்கிறார். அவர் வெளியே வந்ததற்கு வேர் அந்தச் சின்னக் கேள்விதான். அதுவும் உடனே பலிக்கவில்லை. விடுதலையான ஆள் அவரை மறந்தேபோனான் (40:23), மேலும் இரண்டு முழு ஆண்டு. கயிற்றில் சிவப்புத் துணிக்கும் வெள்ளைத் துணிக்கும் நடுவே இருப்பது அதுதான். இப்போது சொல்லலாம்.

மற்றது தானியக் கணக்கு. விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு (41:34), அதுவும் அந்தந்த ஊர் விளைச்சல் அந்தந்த ஊரிலேயே (41:48). இதைக் கரும்பலகையில் கடல் கணக்காகப் போடுங்கள். ஒரு பையனுக்கு ஒரு நாள் பங்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒன்று 120. வாரத்துக்கு மூன்று நாள் கடல் என்றால் 360. காற்றும் புயலும் போக வருடத்தில் 30 வாரம் தொழில் நடந்தால் 10,800. தடைக்காலம் ஏறக்குறைய 9 வாரம், வாரத்துக்கு 1,200 ரூபாய் கையில் இருக்கும். வழக்கமான வார வரும்படி 1,800 என்பதால் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்துவிட்டது. முன்பணத்துக்கு வியாபாரியிடமோ படகு முதலாளியான சம்மாட்டியிடமோ போய் நிற்க வேண்டாம். இதில் தவறுவது எங்கே என்றால், வாரக் கடைசியில் மிச்சம் பார்த்து எடுத்துவைக்கலாம் என்று நினைப்பதில்தான். மிச்சம் என்று ஒன்று இருக்காது. பங்கு பிரித்த இடத்திலேயே எடுத்து அம்மாவின் குழுக் கணக்கிலோ அஞ்சலகத்திலோ போட வேண்டும்.

பெரிய பிள்ளைகளிடம் 47:13-26-ஐ மறைக்காதீர்கள். பஞ்சம் முற்றியபோது மக்கள் முதலில் பணத்தையும், பிறகு மாட்டையும், கடைசியில் நிலத்தையும் தங்களையுமே பார்வோனுக்கு விற்கிறார்கள். விலை பேசியவர் இதே யோசேப்பு. நல்ல நிர்வாகிதான், ஆனாலும் எனக்கு இந்தப் பகுதி நெருடல். கடனில் மாட்டித் தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நெருடும், நெருடட்டும். வலிந்து நியாயம் கற்பிக்க வேண்டாம்.

நான்காம் நாள்தான் உங்கள் இரண்டாவது பையனுக்கான பதில் வருகிறது. 42 முதல் 44 வரை முழுவதும் வாசிக்க நேரம் போதாது. 42:6-24, 44:1-34 மட்டும் வாசியுங்கள். 42:21-இல் நிறுத்துங்கள். பஞ்சத்தில் தானியம் வாங்க எகிப்துக்கு வந்த அண்ணன்மார், எதிரே நிற்பது யோசேப்பு என்று தெரியாமல் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள்: அவன் நம்மைக் கெஞ்சியபோது அவன் பட்ட வேதனையைப் பார்த்தும் நாம் கேட்கவில்லையே என்று. இப்போது பிள்ளைகளை 37-ஆம் அதிகாரத்துக்குத் திரும்பிப்போய், அந்தக் கெஞ்சல் எந்த வசனத்தில் இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் கொடுங்கள். கிடைக்காது. விற்ற அன்று அந்த அழுகை எழுதப்படவே இல்லை. இருபது ஆண்டுக்கு மேல் கழித்து, அதைக் கேட்டவர்களின் வாயிலிருந்துதான் வெளியே வருகிறது. அவர்களுக்கு ஒண்ணும் ஆகவில்லையா என்று அந்தப் பையனிடம் அதன் பிறகு கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள்.

அடுத்தது, யோசேப்பு ஏன் உடனே தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை என்பது. பழிவாங்குகிறார் என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். முதல் மூன்று நாள் காவலைப் பார்த்தால் (42:17) அப்படித்தான் தோன்றும். ஆனால் திருட்டுப் பழி விழும்படி தன் வெள்ளிக் கிண்ணத்தை யாருடைய மூட்டையில் வைக்கிறார் பாருங்கள். பென்யமின், அப்பாவுக்குச் செல்லமான கடைசிப் பிள்ளை. மற்றவர்கள் விடுதலையாகப் போகலாம், அவன் மட்டும் அடிமையாக இருக்கட்டும் என்கிறார் (44:17). 22 ஆண்டுக்கு முன் நடந்த அதே நிலைமையைத் திரும்ப உண்டாக்கி, இந்தத் தடவையும் தம்பியை விட்டுவிட்டுப் போவார்களா என்று பார்க்கிறார். தம்பிக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று முன்னே வருவது யூதா (44:33). அன்று விற்கலாம் என்று யோசனை சொன்னவரும் யூதாதான் (37:26-27). இந்த இரண்டு வசனத்தையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

மன்னிப்பு வேறு, திரும்ப நம்புவது வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரிந்து இல்லை. மன்னிப்பைக் கொடுப்பவர் தனியாகவே கொடுத்துவிடலாம். நம்பிக்கைக்கு எதிராளி மாறியிருக்க வேண்டும், மாறியதற்குச் சான்றும் வேண்டும். அடித்தவரை மன்னித்துவிடு என்று சொல்லி, அடித்தவர் வீட்டுக்கே பிள்ளையைத் திருப்பி அனுப்பும் பழக்கம் நம்மிடம் உண்டு. யோசேப்பு அதைச் செய்யவில்லை.

‘ஆம்பளை அழக்கூடாது’ என்று கேட்டு வளர்ந்த பையன்களுக்கு ஒரு சின்ன வேலை: 42:24, 43:30, 45:2 மூன்றையும் வாசித்து யோசேப்பு எங்கே போய் அழுகிறார் என்று எழுதச் சொல்லுங்கள். முதல் இரண்டு தடவை ஒதுங்கிப் போய், மூன்றாவது தடவை ஊர் கேட்க. ஏன் இந்த வித்தியாசம் என்ற பேச்சை அவர்களே கொண்டுபோவார்கள்.

ஐந்தாம் நாளை 45:24-இல் தொடங்கலாம். அண்ணன்மாரை ஊருக்கு அனுப்பும்போது, வழியில் சண்டை போடாதீர்கள் என்கிறார் யோசேப்பு. யார் பேரில் தப்பு என்ற வாக்குவாதம் வண்டியிலேயே ஆரம்பித்துவிடும் என்று அவருக்குத் தெரியும். பிள்ளைகள் இதற்குச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பிறகு 50:15-21. எகிப்தில் 17 ஆண்டு சேர்ந்து வாழ்ந்த பின்னும், அப்பா இறந்ததும் இனி நம்மைப் பழிவாங்குவானோ என்று அண்ணன்மார் பயப்படுகிறார்கள். மன்னிப்பை அவர் இன்னொருமுறை வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது.

50:20-இல் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். நீங்கள் எனக்குத் தீமை நினைத்தீர்கள், கடவுள் அதை நன்மையாக மாற்றினார் என்கிறார் யோசேப்பு. இது பாதிக்கப்பட்டவர் தானே, பல ஆண்டு கழித்து, தன்னைப் பற்றிச் சொன்னது. உங்கள் வகுப்பில் கடலில் அப்பாவை இழந்த பிள்ளை இருக்கலாம், அப்பா இலங்கைச் சிறையில் இருக்கும் பிள்ளை இருக்கலாம். அந்தப் பிள்ளையைப் பார்த்து, ‘இதுவும் உன் நன்மைக்கே’ என்று இந்த வசனத்தை நீங்கள் எடுத்துச் சொல்லக் கூடாது. அந்த வரியைச் சொல்லும் உரிமை அந்தப் பிள்ளைக்கு மட்டுமே உண்டு, விரும்பினால். சண்டை போட்ட இருவரை முன்னால் அழைத்துக் கட்டிப்பிடிக்க வைப்பதும் வேண்டாம். கைதட்டலுக்காகக் கட்டிப்பிடித்துவிட்டு வாசலில் முறைத்துக்கொள்வார்கள். எழுதத் தரும் பத்து நிமிடத்தில் யாரிடம் தனக்கு இன்னும் கணக்குத் தீரவில்லை என்று ஒவ்வொருவரும் தனக்காக எழுதட்டும். தாளை வாங்கி வைக்காதீர்கள், அவர்களே மடித்துக் கொண்டுபோகட்டும். சேகரித்தால் எப்படியும் யாராவது ஒருவர் வாசித்துவிடுவார்.

முகாம் பலித்ததா என்பதை ஐந்தாம் நாள் தேர்வு வைத்துப் பார்க்க முடியாது. ஆகஸ்ட் வாக்கில், தொழில் மும்முரமாக நடக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள்: ஐந்தில் ஒன்று எடுத்துவைக்கிறவர் யார், எத்தனை வாரம் தவறியது, கேட்டதற்கு மறுத்த இடம் ஏதாவது உண்டா. கடைசிக் கேள்விக்கு யாரும் வாய் திறக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

பரிசு கேட்டிருந்தீர்கள். ஒருவரை மட்டும் நல்ல பிள்ளை என்று தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் தனி அங்கி கொடுத்ததில்தான் 37-ஆம் அதிகாரத்தில் அந்த வீட்டுச் சண்டையே ஆரம்பிக்கிறது. அந்தப் பணத்தில் இருபது பேருக்கும் ஒரே அளவில் பிரியாணி வாங்குங்கள். அடிப்பானை யாருக்கு என்ற தகராறு வராமல் பரிமாறும் வேலையை அந்த இரண்டு பையன்களிடமே விடலாம்.